நம்பி ஏர்க்காலில் பூட்ட ஒரு குதிரை: தேடுவது முதல் லாயத்தில் பழகுவது வரை

மாணிக்கவாசகர் கதையில் எனக்குப் பிடித்த இடம் குதிரைகள் மதுரைக்கு வந்து சேரும் இடம் அல்ல, அன்று ராத்திரி நடப்பது. பாண்டியன் பார்த்துப் பூரித்து, கயிறு மாற்றி வாங்கிக்கொண்ட பரிகள் எல்லாம் நள்ளிரவில் லாயத்தில் நரிகளாகி ஊளையிடும். ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடும். குதிரை வாங்கி ஏமாந்த எவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்.

நானும் சிரிக்க மாட்டேன். என் முதல் குதிரை வெள்ளை வெளேரென்று, கழுத்தை வில்லாக வளைத்து நிற்கும் ஆண்குதிரை. வாங்கிய பத்தாம் நாள் வாய்க்கால் பாலத்தின் நடுவில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். பின்னால் பேருந்து, எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர், நடுவில் நானும் அதுவும். அரை மணி நேரம் கெஞ்சிவிட்டு, பூட்டை அவிழ்த்து, வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தோம். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். என்னுடையது ஆறு வரைக்கும்கூடப் போகவில்லை, பாலத்திலேயே கரைந்துவிட்டது.

இரண்டாவது குதிரை மங்கலான செம்பழுப்பு நிறப் பெட்டை. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். வயதாகி ஜட்கா ஓட்டுவதை விட்டுவிட்ட ஒரு பெரியவரிடம் வாங்கினேன். ஊரில் அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கேட்ட விலை வெள்ளைக் குதிரைக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் விற்க ஒப்புக்கொள்ள ஏழு மாதம் ஆனது. “தம்பி, இது குதிரை இல்ல, என் எட்டு வருசம்” என்றார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் புரிய எனக்கும் சில வருடம் பிடித்தது. வேலைக்கு நம்பக்கூடிய குதிரை பிறப்பதில்லை. பொறுமையான ஒரு ஆள் தன் வருடங்களைச் செலவழித்து அதை ஆக்குகிறார். அப்படி ஆக்கிய குதிரையைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பின் கெடுக்காமல் வைத்துக்கொள்வதும் எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. வேலை என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“ஒரு நல்ல குதிரை வேணும்” என்று சந்தைக்குப் போனால் நல்ல விலைதான் கிடைக்கும், விற்பவருக்கு. என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண சாரட்டுக்கு என்றால் மேளத்துக்கும் வெடிக்கும் கண்கூசும் விளக்குக்கும் நடுவே மணிக்கணக்கில் சும்மா நிற்கத் தெரிய வேண்டும். ஓடத் தெரிவது இரண்டாம்பட்சம். பழனி அடிவாரம் மாதிரி இடத்தில் ஆள் ஏற்றும் வண்டி என்றால் நூறு முறை நின்று நூறு முறை கிளம்ப வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்க்கிற சவாரிக் குதிரைக்கோ, முதுகில் ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஆள், அதிலும் பாதி குழந்தைகள். தோட்டத்து வண்டிக்குக் கனமும் மேடுபள்ளமும் பழகியிருக்க வேண்டும்.

ரேக்ளா பந்தயத்தில் ஓடிய குதிரையை வண்டி வேலைக்கு வாங்காதீர்கள். ஏர்க்காலில், அதாவது வண்டியிலிருந்து முன்னே நீளும் கட்டையில், பூட்டியதும் ஓட வேண்டும் என்றே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அது தன் பாடத்தைத்தான் செய்யும். நாட்டியக் குதிரையும் அப்படியே. மேளம் கேட்டால் காலைத் தூக்கி ஆடப் பழகியது, பின்னால் மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக ஆடாமல் இருக்காது. பந்தயத் திடலில் ஓய்வுபெற்ற உயர்ஜாதிக் குதிரைகள் சில சமயம் மலிவாக வரும். சவாரிப் பள்ளிகளில் மறுபயிற்சி கொடுத்து அருமையாக வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் குதிரையாக வாங்குபவருக்கு அது வேண்டாம்.

அப்புறம் ஆணா பெண்ணா. நம் ஊரில் காயடிக்காத ஆண்குதிரைமேல் தனி மோகம். கனைப்பும் மிடுக்கும் அழகுதான். ஆனால் தெருவில் எங்கோ ஒரு பெட்டை பருவத்தில் இருந்தால் உங்கள் வண்டி அந்தப் பக்கம்தான் போகும். வேலைக்குக் காயடித்த ஆண், அல்லது பெட்டை. பெட்டைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், சிலதுக்கு அந்த நாட்களில் கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கும். அவ்வளவுதான்.

2. ஏன் கிடைப்பதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது வெறும் புலம்பலுக்காகச் சொல்வதல்ல. காரணம் தெரிந்தால்தான் தேடும் இடம் தெரியும்.

தென்னாட்டில் குதிரை என்றைக்குமே வெளியிலிருந்து வந்த பொருள். சங்க காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரைகள் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, சமைத்த சோற்றையும் இறைச்சியையும் போடுகிறார்கள் என்பதும் அவர் குறிப்பில் உண்டு. பயணிகள் கணக்கில் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது வழக்கம்தான். சோற்றைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று செத்த குதிரையை நானே பார்த்திருக்கிறேன்.

இன்றைய நிலை இன்னும் மெலிவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012-ஐவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வண்டி போகும்போது வண்டிக்காரரும் போகிறார். தினமும் எட்டு மணி நேரம் ஒரே குதிரையோடு தெருவில் இருந்த ஆள் இல்லையென்றால், தெருவுக்குப் பழகிய குதிரை எங்கிருந்து வரும்?

மிச்சமிருக்கும் சந்தையோ வேறு எதற்கோ காசு கொடுக்கிறது. நிறம், உயரம், மார்வாரி ஜாதியின் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காது, சுழி, நாட்டியம். நின்ற இடத்தில் நிற்கும் குணத்துக்கு அங்கே விலையே இல்லை, ஏனென்றால் அது பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதோடு, அந்தக் குணமுள்ள குதிரையை வைத்திருப்பவர் சந்தைக்குக் கொண்டுவரவும் மாட்டார்.

3. சந்தைக்குப் போங்கள், ஆனால் வாங்க அல்ல

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு ஒரு முறையாவது போய்விட்டு வாருங்கள். திப்பு சுல்தான் இங்கே குதிரை வாங்கினார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். நான்கு நாள் அங்கே திரிந்தால் நூறு குதிரையின் பல்லும் காலும் பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். கண் பழகுவதற்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது.

வாங்க வேண்டிய இடம் வேறு. லாடம் அடிப்பவரைப் பிடியுங்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் குதிரை காலைக் கொடுக்கும், எது உதைக்கும், எதற்கு ஒரு குளம்பு மட்டும் அடிக்கடி சூடாகிறது என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் விற்பனையில் அவருக்குப் பங்கும் இருக்காது. தரகரிடம் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். அடுத்து, கால்நடை மருத்துவர். அதற்கடுத்து, முதுமையாலோ பிள்ளைகள் வெளியூர் போனதாலோ தொழிலை விடப்போகிற வண்டிக்காரர். இப்படி ஒருவரைக் கேள்விப்பட்டால் முதல் நாளே விலை பேசாதீர்கள். போய் டீ குடியுங்கள். கொள்ளு எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று கேளுங்கள். நான் ஏழு மாதம் போனேன்.

4. சொல்லாமல், விடியற்காலையில் போங்கள்

“பத்து மணிக்கு வாங்க” என்றால் ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். பத்து மணிக்குள் ஒரு குதிரையை என்னென்னவோ செய்யலாம். இரண்டு மணி நேரம் விரட்டி ஓட்டினால் எந்தச் சண்டிக்குதிரையும் சாதுவாகிவிடும். மயக்க மருந்து, வலி மாத்திரை எல்லாம் நடைமுறையில் உண்டு. மயக்கத்தில் இருப்பது தலையைத் தொங்கவிட்டு, கீழுதடு தளர்ந்து, பின்னங்கால் தள்ளாட நிற்கும்.

லாயத்தில் முதலில் தூரத்தில் நின்று பாருங்கள். பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வாக நிற்பது இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டிப் பாரத்தைத் தவிர்த்து நின்றால் அந்தக் காலில் வலி. கட்டுத்தறி மரம் கடிபட்டுக் குழி விழுந்திருந்தால், மரத்தைக் கவ்வி காற்றை விழுங்கும் பழக்கம் இருக்கலாம். சுவரில் குளம்படித் தடம் இருக்கிறதா? சாணம் உருண்டையாக, ஈரமாக இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, வளர்ப்பவர் உள்ளே வரும்போது அது தலையைத் திருப்பி அவரைப் பார்க்கிறதா, காதைப் பின்னுக்கு மடக்குகிறதா என்று கவனியுங்கள். என் பெட்டை பாயின் செருப்புச் சத்தத்துக்கே திரும்பியது.

5. பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானம் கொடுத்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கிறீர்கள், பாருங்கள். கீழ்த்தாடையின் ஆறு முன்பற்களில் நடு இரண்டும் பால்பல் விழுந்து இரண்டரை வயதில் மாறும். அடுத்த இரண்டும் மூன்றரையில், ஓரத்து இரண்டும் நாலரையில். ஐந்து வயதில் வாய் முழுசு. அதன்பின் பல்லின் மேற்பரப்பில் உள்ள குழி தேய ஆரம்பிக்கும். கீழ் நடுப்பல்லில் 6 வயதில், அடுத்ததில் 7-இல், ஓரத்தில் 8-இல் குழி மறையும். பத்து வயது வாக்கில் மேல்தாடை ஓரப்பல்லில் ஈறோரமாக ஒரு வரிப்பள்ளம் தோன்றும். 15-இல் பாதிப் பல் வரை, 20-இல் முழுப் பல்லுக்கும் இறங்கும். தீவனத்தையும் கடிக்கும் பழக்கத்தையும் பொறுத்து ஒன்றிரண்டு வயது முன்பின் ஆகலாம்.

முதன்முறை வாங்குபவருக்கு என் கணக்கு 8 முதல் 14 வயது. மூன்று வயதுக் குட்டியை வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது அழகான யோசனை, ஆஸ்பத்திரியில் முடியும். நல்ல பராமரிப்பில் குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். ஆகவே 12 வயது கிழடு அல்ல, வேலை தெரிந்த வயது.

6. காலும் குளம்பும்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

மற்ற எதில் குறை இருந்தாலும் ஏதாவது வழி உண்டு. காலில் குறை இருந்தால் அது வேலைக் குதிரை இல்லை.

நான்கு கால்களையும் நீங்களே தூக்குங்கள். விற்பவர் தூக்கிக் காட்டுவது கணக்கில்லை. தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே இறக்கி, கணுவில் லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானாகக் காலைக் கொடுக்கும். குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதி ரப்பர் போல உறுதியாக இருக்க வேண்டும். கறுத்து, கசிந்து, நாற்றமடித்தால் லாயம் ஈரமாக இருந்திருக்கிறது. சரிசெய்யலாம், ஆனால் பராமரித்த லட்சணம் தெரிந்துவிடும். குளம்பின் முன்சுவரில் வளையம் வளையமாக மேடு இருந்து, அந்த வளையங்கள் குதிகால் பக்கம் அகன்று விரிந்தால் பழைய குளம்பழற்சி என்று சந்தேகப்படுங்கள். புறங்கையை வைத்து நான்கு குளம்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். கணுவின் பின்பக்க ஓரத்தில் நாடி பலமாகத் துடித்தால் அங்கே அழற்சி இருக்கிறது.

இனி நடை. தார்ச் சாலையிலோ சிமெண்டுத் தரையிலோ, கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, முதலில் நடை, பிறகு துள்ளோட்டம். சந்தை மணலில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மணல் பாதி நொண்டலை மறைத்துவிடும். கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். டக்-டக், டக்-டக் என்று சீராக வர வேண்டும். ஒரு தட்டு மட்டும் மெலிந்து கேட்டால் அந்தக் காலைப் பயந்து வைக்கிறது. பிறகு தலையைப் பாருங்கள். வலியுள்ள முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் தொடும்போது கீழே இறங்கும். பின்னங்கால் வலி என்றால் பின்னாலிருந்து பார்க்க வேண்டும், ஒரு பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் சுற்றவிட்டால், நேர்நடையில் மறைத்ததும் வெளியே வரும்.

அரை மணி நேரம் கட்டிவைத்துவிட்டு மறுபடி நடத்துங்கள். சூடேறிய உடம்பில் தெரியாதது ஆறிய பிறகு தெரியும்.

7. கண், மூச்சு, வாய், வார் படும் இடங்கள்

ஒரு கண் தெரியாத குதிரைகள் சந்தைக்கு வருவதுண்டு. பக்கத்துக்கு ஒரு முறை சின்னப் பஞ்சை மேலிருந்து சத்தமில்லாமல் போடுங்கள், கண் தொடர்கிறதா என்று பாருங்கள். கையை வீசிப் பார்த்தால் காற்றுப் பட்டே சிமிட்டிவிடும்.

அமைதியாக நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூச்சு விடும்போது வயிறு இரண்டு முறை இறுக்கித் தள்ளினால் நுரையீரலில் பழைய கோளாறு.

இப்போது உதட்டைப் பிரித்துக் கடைவாயையும் நாக்கையும் பாருங்கள். தழும்பு, வெட்டு இருந்தால் அது முள் கடிவாளத்தில் ஓடிய குதிரை. இதை ஒரு குறையாக மட்டும் பார்க்காதீர்கள், ஒரு தகவலாகவும் பாருங்கள். வலியால் மட்டுமே நிறுத்திப் பழக்கப்பட்டது, வலி இல்லாத கடிவாளத்தில் நிற்காது. முள் வைத்த கடிவாளம், வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலும், மார்பிலும், வயிற்று வார் படும் இடத்திலும் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் அவை ஆறிய புண்கள். ஓரிரண்டு இருந்தால் உழைத்த உடம்பு. வரிசையாக இருந்தால், உழைப்பு வாங்கியவர் வாரைச் சரிசெய்யவே இல்லை.

8. பூட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். சண்டித்தனமும் நம்பகமும் ஏர்க்காலில்தான் தெரியும்.

முதலில் சேணமும் வாரும் போடும்போதே கவனியுங்கள். வாலுக்குக் கீழே வார் போகும்போது வாலை இறுக்கி அமுக்குகிறதா? வயிற்று வாரை இழுக்கும்போது கடிக்கத் திரும்புகிறதா? ஏர்க்காலைத் தூக்கி இறக்கும் நொடி முக்கியம். பழகிய குதிரை தானாக இரண்டடி பின்னால் வந்து ஏர்க்காலுக்குள் நிற்கும். என் பெட்டை அதைச் செய்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வெள்ளைக் குதிரையை இரண்டு பேர் பிடித்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விற்பவர் முதலில் ஓட்டட்டும். அவருக்கே வராத தைரியம் உங்களுக்கு எதற்கு? பிறகு நீங்கள். காலி வண்டியில் ஒரு சுற்று, ஆள் ஏற்றி ஒரு சுற்று. கீழ்க்காண்பவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், அவசரப்படாமல்:

வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் இருங்கள். நிற்கிறதா? ஆள் ஏறியதுமே கிளம்பும் குதிரை ஒரு நாள் பாதி ஏறிய பாட்டியோடு கிளம்பும்.

இறக்கத்தில் ஓட்டுங்கள். வண்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, பின்தொடையைச் சுற்றி வரும் வாரில் சாய்ந்து, காலை ஊன்றித் தாங்க வேண்டும். தெரியாத குதிரை பயந்து ஓட ஆரம்பிக்கும். விபத்துகள் பெரும்பாலும் ஏற்றத்தில் நடப்பதில்லை.

மற்ற குதிரைகளை விட்டுப் பிரித்துத் தனியாக ஓட்டுங்கள். கூட்டத்தோடு தேவதையாக ஓடுவது தனியே விட்டால் கனைத்துக்கொண்டு திரும்பப் பார்க்கும்.

வீட்டுக்குத் திரும்பும் சந்தில் திரும்பாமல் நேராகப் போங்கள். இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. எந்தக் குதிரையும் ஒரு நொடி தயங்கும். காதைத் திருப்பி “நிஜமாவா?” என்று கேட்கும். கேட்டுவிட்டு நேராகப் போனால் நல்ல குதிரை. அங்கேயே நின்று அழிச்சாட்டியம் செய்தால், உங்கள் பாலம் எங்கோ காத்திருக்கிறது.

பின்னாலிருந்து லாரி ஹாரன், பிளாஸ்டிக் பை, மழைநீர்க் குட்டை, சாக்கடை இரும்பு மூடி, நாய். எதற்கும் மிரளவே கூடாது என்றில்லை. மிரளாத குதிரை உலகத்தில் இல்லை. மிரண்டபின் என்ன செய்கிறது என்று பாருங்கள். உடம்பு ஒரு முறை சிலிர்த்து, நின்று, உங்கள் குரலுக்குக் காதைத் திருப்பினால் போதும். மிரண்டதும் ஓடினால் வேண்டாம். கண்பட்டையோடு ஒரு முறையும், பாதுகாப்பான இடத்தில் அதைக் கழற்றி, ஏர்க்காலுக்கு வெளியே நடத்தி ஒரு முறையும் பாருங்கள். ஏர்க்காலில் இருக்கும்போது கண்பட்டையைக் கழற்றாதீர்கள், பின்னால் துரத்திவரும் வண்டியை முதன்முறை பார்க்கும் குதிரை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்து கால் மணி நேரத்தில் நாடி 60-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இத்தனையும் இரண்டு வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள். ஒரு நாள் எல்லோரும் நல்லவர்கள்.

9. சுழி

இதைத் தவிர்க்க முடியாது. நம் ஊரில் குதிரை வாங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் முதலில் பார்ப்பதே சுழியைத்தான். நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து குடும்பம் தழைக்கும், எஜமான் போய்விடுவான் என்றெல்லாம் சொல்வார்கள். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் பலர் கயிற்றைத் தொடவே மாட்டார்கள். சுழி வண்டி இழுக்காது என்பது என் கட்சி. ஆனால் விலையை இழுக்கும். என் பெட்டைக்கும் ஒரு ஆகாத சுழி உண்டு, அதனால்தான் தரகர்கள் பாய் வீட்டுப் பக்கம் போகவில்லை. வீட்டில் பெரியவர்கள் மனம் சங்கடப்படும் என்றால் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வாங்கியபின் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் குதிரை பழி சுமக்கக் கூடாது.

10. ரத்தப் பரிசோதனை

கால்நடை மருத்துவரை நீங்கள் அழைத்துப் போங்கள், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. இதற்கான மாதிரிகளைப் பரிசோதிக்கும் முக்கிய இடம் ஹரியானாவின் ஹிசாரில் 1985 முதல் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். கால்நடைத் துறை வழியாக அனுப்பலாம். குதிரை ரத்தசோகை நோய்க்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஈக்கடியால் பரவும் சர்ரா நோய் நம் பக்கம் புதிதல்ல. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்றுக்கு அடியிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைப்பு, இவை இருந்தால் அதற்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அச்சாரத்தோடு நிறுத்துங்கள்.

11. விலை

அந்தியூரில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதை வேடிக்கை பாருங்கள். மேல்ஜாதிக் குதிரைகளுக்கு லட்சங்களில் கேட்பார்கள், அந்த விலை வளர்ப்புக்கும் பகட்டுக்கும். வேலைக் குதிரையின் மதிப்பை நான் வேறு மாதிரி கணக்குப் போடுகிறேன். ஒரு மாதத்தில் எத்தனை நாள் பூட்ட முடியும்? கூட எத்தனை ஆள் வேண்டும்? ஒரு ஆள் தனியாகப் பூட்டி, ஓட்டி, அவிழ்க்கக்கூடிய குதிரை மாதத்தில் 25 நாள் வேலை செய்தால், பிடிக்க ஒரு ஆளும் கெஞ்ச ஒரு ஆளும் தேவைப்படும் பாதி விலைக் குதிரை அதைவிடச் செலவு அதிகம். ஆகவே எல்லாச் சோதனையும் தாண்டிய குதிரைக்குக் கடைசி ஐந்தாயிரத்துக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்குப் பதிலாக 15 நாள் சோதனைக் காலத்தைக் கேட்டு வாங்குங்கள், தாளில் எழுதி. வார், சேணம், கடிவாளம் எல்லாம் குதிரையோடு வரட்டும். அதன் உடம்புக்குப் பழகிய வார் புது வாரைவிட மேல். ஓட்டியவர் கூப்பிடும் சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஒலிக்குக் கிளம்பும், எதற்கு நிற்கும் என்று தெரியாமல் ஓட்டுவது, பாஷை தெரியாத ஊரில் வழி கேட்பது மாதிரி.

12. முதல் மாதம்

நல்ல குதிரையைக் கெடுக்க ஒரு மாதம் போதும். பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே முதல் வாரம் கொடுங்கள். மாற்றுவதாக இருந்தால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையும் உடம்பைப் பார்க்கச் சின்னது. தப்பானது உள்ளே போனால் வயிற்றுவலிதான், அதில் செத்துப்போவது சகஜம். உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீவனம், பெரும்பங்கு புல்லும் தட்டையும். 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு 6 கிலோ. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்ற பழமொழியை நம்பி அள்ளிக் கொட்டாதீர்கள். ஊறவைத்து, வேலைக்கு ஏற்ற அளவு, பிரித்து வையுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்காமல் விட்டு மறுநாள் வேலைக்கு இழுத்தால் தொடைத் தசை இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சோறு வேண்டாம். கோழித்தீவனம் வேண்டவே வேண்டாம், அதில் சேர்க்கும் சில மருந்துகள் கோழிக்கு நல்லது, குதிரைக்கு விஷம். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். வெயிலில் வேலை செய்யும் நாளில் 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

தனுர்வாதத் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு போடுங்கள். லாடம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. தார்ச் சாலையில் அதற்கு முன்பே தேயும்.

வேலை நேரத்துக்கு 1965 விதிகளே நல்ல அளவுகோல். நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் 5 மணி நேரம் தாண்டக் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டக் கூடாது. வண்டியில் ஓட்டுபவரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நான்கு பேர். என்னைக் கேட்டால் முதல் மாதத்துக்கு இதில் கால்பங்கு போதும்.

வந்த அன்றே ஊருக்குக் காட்ட வண்டியைப் பூட்டாதீர்கள். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் என்பது உண்மைதான், ஆனால் ஆழ்ந்து தூங்க அதற்குப் படுத்தாக வேண்டும். புது இடத்தில் பயம் விடும்வரை படுக்காது. என் பெட்டைக்கு ஆறு நாள் ஆனது. தினமும் விடிந்ததும் லாயத்துக்குப் போய் அதன் விலாவைத் தடவிப் பார்ப்பேன். ஏழாம் நாள் காலையில் இடது விலாவிலும் தொடையிலும் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, தண்ணீர் காட்டிவிட்டு, அன்றைக்குத்தான் ஏர்க்காலைத் தூக்கினேன். இரண்டடி பின்னால் வந்து நின்றது.